அம்மாயியும் எங்கள் மலையின் நூறு ஆண்டுகளும்

நூற்றாண்டு மலர் என்றால் அதிபர்கள், ஆசிரியைகள், கட்டடங்கள், பெறுபேறுகள் என்று எழுதுவது வழக்கம். அவற்றை என்னைவிட நன்கறிந்த சகோதரிகள் இம்மலரில் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது, எந்தப் பாடசாலையிலும் படித்திராத ஒரு பெண்ணைப் பற்றி. அவர் என் அம்மாவைப் பெற்ற அம்மாயி. 1928இல் பிறந்தார், 2019இல் தமது 91ஆவது வயதில் கண்மூடினார். அவருடைய வாழ்க்கையைச் சொன்னால் அப்புத்தளை மலைகளில் உழைத்த நம் தாய்மார் பலரின் வரலாறும் அதற்குள் வந்துவிடும்.

கோப்பி நோயில் அழிந்த பிறகு இம்மலைகளுக்குத் தேயிலை வந்தது. 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் வாங்கிய தோட்டங்களில் தம்பேதன்னையும் ஒன்று. 1893இல் புகையிரதப் பாதை அப்புத்தளையை எட்டியது. பதுளை வரை செல்ல 1924 ஆயிற்று. அம்மாயியிடம் வயதைக் கேட்டால், "பதுளைக்குக் கோச்சி ஓடி நாலு வருசத்துல பொறந்தேன்" என்பார். அவருடைய பெற்றோர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்தவர்கள். தலைமன்னாரில் கப்பலிறங்கி, கோச்சியேறி, கங்காணியின் பின்னால் மலைக்கு நடந்தார்கள்.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. ஆனால் அம்மாயிக்குக் கிடைத்தது தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான். பத்து வயதில் புல்லு வெட்டப் போனார்; பிறகு கூடை தலையில் ஏறியது. விடியுமுன் பெரட்டு, இடுப்பில் படங்கு, மாலையில் நிறுவை. இறாத்தல் குறைந்தால் அரைப்பேர். இப்படி ஐம்பது ஆண்டுகள். ஆண்களும் பெண்களும் ஒரே மலையில் நின்றாலும் பெண்ணுக்குச் சம்பளம் குறைவு. அந்த வேறுபாடு 1984இல்தான் நீங்கியது. அப்போது அம்மாயிக்கு வயது 56. "மூணு புள்ளயையும் கொறஞ்ச சம்பளத்துலயே வளத்துட்டேன், இப்பத்தான் கூட்டுறாங்க" என்று சிரித்தாராம்.

1931இல் இந்நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை வந்தபோது அவர் சிறு குழந்தை. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவருக்கு 19 வயது. அன்று வாக்களிக்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்த வயது வருமுன்னர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்துவிட்டது. இந்த மண்ணிலேயே பிறந்தவர்களும் தம் தந்தையோ முன்னோரோ இங்கு பிறந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது அது. 1949இல் இன்னொரு சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். தாத்தாவின் விண்ணப்பமும் அவற்றுள் ஒன்று.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிகுதி 1,50,000 பேர் 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். எண்களாக வாசிக்கும்போது அது ஓர் அரசாங்கக் கணக்கு. எங்கள் லயத்தில் அது ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த இரண்டு சகோதரிகளைப் பிரித்தது. அம்மாயி இலங்கைக்கு விண்ணப்பித்தார்; அவருடைய தங்கையின் குடும்பம் இந்தியாவுக்கு. எழுபதுகளின் தொடக்கத்தில் தங்கை புறப்பட்டார். அந்த வண்டிகளை ஒப்பாரிக் கோச்சி என்றே நம்மவர்கள் அழைத்தார்கள். அதன்பின் பஞ்சம் வந்தது. 1973, 74ஆம் ஆண்டுகளில் மாவும் அரிசியும் எட்டாத விலையில் இருந்தபோது, கீரையும் கிழங்கும் அவித்து அம்மாயி குடும்பத்தைக் காப்பாற்றினார்.

தங்கை நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு அமைத்த தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்து கடிதங்கள் வரும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த அம்மா அவற்றை வாசித்துக் காட்டுவார். எழுபதுகளின் பிற்பகுதியில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. எண்பதுகளில் நான் இப்பாடசாலைக்கு வந்தேன். பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதக் கற்றதை நான் முதன்முதல் பயன்படுத்தியது அம்மாயிக்காகத்தான். 1984இல் தலைமன்னார் கப்பலும் நின்றுபோன பிறகு, அந்தச் சகோதரிகளுக்கு எஞ்சியிருந்த ஒரே வழி அக்கடிதங்களே. இருவரும் மீண்டும் சந்திக்கவேயில்லை.

1988இல் அம்மாயி ஓய்வு பெற்றார். அப்போது நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சேமலாப நிதிப் படிவத்தில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சொல்லி, இரண்டு வாரம் என் பழைய அப்பியாசக் கொப்பியில் தம் பெயரை எழுதிப் பழகினார். அடுத்த ஆண்டு பாராளுமன்றத் தேர்தலில், அறுபது வயது கடந்தபின், முதல் முறையாக வாக்களித்தார். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே வழி திறந்தது. அதுவரை காத்திருந்து, காணாமலே போனவர்கள் பலர்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது அம்மாயிக்கு 86 வயது. மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மண்ணுக்குள் போனவையும் அவர் பிறந்ததைப் போன்ற லயங்களே. சொந்த நிலமும் பாதுகாப்பான வீடும் இன்னும் நம் மக்கள் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை.

தம்பேதன்னைக்கு மேலே லிப்டன் அமர்ந்து பார்த்த இடத்தை உலகெங்குமிருந்து வந்து பார்க்கிறார்கள். அந்த மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களின் பெயர்கள் செக்ரோல்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. நம்மில் பலர் இன்று ஆசிரியைகள், தாதியர், உத்தியோகத்தர்கள். நம் சப்பாத்துக்கும் கொப்பிக்கும் காசு வந்த கூடை யாருடையது என்பது நமக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமானால் எழுதி வைக்கத்தான் வேண்டும்.

ஆகவே, சங்கத்தின் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக ஒரு கொப்பியைத் திறப்போம். ஒவ்வொருவரும் தம் அம்மாவின், அப்பாயியின், அம்மாயியின் பெயரையும், பிறந்த ஆண்டையும், எந்தத் தோட்டத்தில் எத்தனை வருடம் பேர் போட்டார் என்பதையும் அதில் எழுதுவோம். உயிரோடிருப்பவர்களை இந்த மாதமே போய்க் கேட்டு எழுதுவோம். கொப்பியின் முதல் பக்கத்தில், அம்மாயி தம் கையால் எழுதிப் பழகிய அந்தத் தாளை ஒட்டித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.