அச்சுக்கோப்பு மென்பொருளும் பொதி முகாமையும்: ஒரு முரண்பாட்டின் வரலாற்றுப் பின்னணி

ஈய எழுத்துக்கோப்பின் இடத்தை ஒளியச்சுக்கோப்பு கைப்பற்றிக்கொண்டிருந்த காலத்தில், 1977இல், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத் தமது நூலொன்றின் புதிய பதிப்புக்கான அச்சுப்படிகளைக் கண்டு அதிருப்தியுற்றார். அவ்வதிருப்தியின் பேறே ரெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள். எண்பதுகளில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மீது லாரெக்கை அமைத்தார். இவற்றைச் சூழ, பலர் எழுதிய ஆயிரக்கணக்கான துணைப்பொதிகள் பெருகின. அவற்றைத் தொகுத்தளிக்கும் ரெக் லைவ் 1996 முதல் வெளிவருகின்றது.

1993இல் தோன்றிய டெபியன் வேறொரு தேவையின் விளைவு. கணினியிலுள்ள மென்பொருட் கோப்பு ஒவ்வொன்றும் எப்பொதிக்குரியது என்பதை அதன் பொதி முகாமை மென்பொருள் பதிவுசெய்துவைக்கின்றது. உறுதிப்பாடே அதன் இலட்சியம். ஆதலின் ஒரு வெளியீடு நிலைபெற்றபின் பதிப்புகள் பெரும்பாலும் மாற்றப்படுவதில்லை.

2006இல் ரீரெக் தொகுப்பின் பராமரிப்பு நிறுத்தப்பட்டதும், டெபியன் ரெக் லைவினைச் சார்ந்தது. 2008இல் ரெக் லைவ் தனக்கெனவே ஒரு பொதி முகாமையாளரைப் பெற்றது. இங்கேதான் முரண்பாடு கூர்மையடைகின்றது. ஒரே கோப்புத்தொகுதியை இருவர் ஆளமுற்படின், ஒருவரின் பதிவு மற்றவரின் செயலாற் பொய்த்துவிடும். எனவே டெபியன், தான் வழங்கும் ரெக் லைவின் முகாமையாளரைப் பயனரின் சொந்த அடைவுக்குள் மட்டுப்படுத்தியது.

புதிய பதிப்பை வேண்டுவோர் ரெக் லைவினை நேரடியாக, உள்ளூர் மென்பொருட்களுக்கென ஒதுக்கப்பட்ட அடைவில் நிறுவுவர். ஆயின் ரெக்கைச் சார்ந்த பிறிதொரு பொதியை நிறுவும்போது, டெபியன் தனது ரெக் லைவினையும் உடன்கொணரும். இரண்டும் அருகருகே இருக்கையில், கட்டளைத் தேடலில் எவ்வடைவு முந்துகின்றதோ அதுவே இயங்கும். பழைய பதிப்பு இயங்குவதைப் பயனர் அறியாதிருத்தலுங் கூடும். இதற்குத் தீர்வாக, ஈக்குவிவ்ஸ் என்னும் கருவிகொண்டு உள்ளீடற்ற பொதியொன்று ஆக்கப்படுகின்றது. தேவையான பொதிகள் ஏற்கெனவே உள்ளன என அது அறிவிக்கும். முகாமையாளர் அவ்வறிவிப்பை ஏற்று அமைகின்றது.

இத்தீர்வின் விலை யாது? அறிவிப்பின் உண்மைக்கு இனிப் பயனரே பொறுப்பாளி. புதுப்பித்தலும் திருத்தலும் அவர் கடமையாகின்றன. ஆக்குவோரின் வேகமும் விநியோகிப்போரின் உறுதியும் தத்தம் தர்க்கத்தில் நியாயமானவையே. அவற்றிடையே தெரிவுசெய்யும் சுதந்திரம் பயனருக்கு உண்டு. அதனை மெய்யாக்குவது உழைப்பும் அறிவுமேயாம்.