புள்ளியியல் மென்பொருள்: வணிகமும் கட்டற்றதும்

புள்ளியியல் மென்பொருள்கள் என்பவை தரவுகளைத் தொகுத்துச் சோதித்து வரைபடமாக்கும் கணினி நிரல்கள். எஸ்பிஎஸ்எஸ் (1968), சாஸ் (1976) ஆகியவை உரிமக் கட்டணம் உள்ள வணிக மென்பொருள்கள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய ‘ஆர்’, 1995 முதல் குனூ பொது உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம்; அதனால் அது கட்டற்ற மென்பொருள். ஆரின் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. ஆருடன் சேர்ந்தே வரும் ‘லாட்டிஸ்’ வரைபடத் தொகுப்பை எழுதியவர், டெல்லி இந்தியப் புள்ளியியல் நிறுவனப் பேராசிரியர் தீபாயன் சர்க்கார். மும்பை ஐஐடியின் ‘ஃபோசி’ திட்டம் கல்லூரிகளில் ஆரைப் பரப்புகிறது. எஸ்பிஎஸ்எஸ்ஸில் பட்டியைச் சொடுக்கினாலே, சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை முடிந்துவிடும். ஆரிலோ பொதுவாகக் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். சொடுக்கினாலே முடியும் எளிமையே எஸ்பிஎஸ்எஸ்ஸின் பலம். ஆனால் அதற்கு மாற்றாக வந்த கட்டற்ற மென்பொருளும் உண்டு: பிஎஸ்பிபி.