லடாக் பைக் பயணம்: சேடில் பேக் வாங்கும் முன் போட வேண்டிய எடைக் கணக்கு

மணாலி - லே சாலையில் பைக் ஓட்டியவர்களின் மொபைலில் ஒரு படம் கட்டாயம் இருக்கும். இமாச்சலப் பிரதேசத்தின் தாந்தி பெட்ரோல் பங்கில் உள்ள பலகை. அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளித்தான் என்று சொல்லும் பலகை அது. அதைப் பார்த்ததும் எல்லோரும் செய்யும் முதல் வேலை, கேனில் கூடுதல் பெட்ரோல் பிடித்து பைக்கில் எங்காவது கட்டுவது.

என் முதல் லடாக் பயணத்தில் நானும் அதைத்தான் செய்தேன். 10 லிட்டர் கேனை, ஏற்கெனவே நிறைந்திருந்த டெயில் பேக்குக்கு மேல் கட்டினேன். வேகம் 50-ஐத் தாண்டியதும் ஹேண்டில்பார் ஆட ஆரம்பித்தது. டயரில் காற்று சரியாக இருந்தது, பேரிங்கிலும் குறை தெரியவில்லை. கேலாங்கில் நிறுத்தி, பெட்ரோலை இரண்டு 5 லிட்டர் கேன்களில் பிரித்து, சேடில் ஸ்டேயின் இரு பக்கமும் தாழ்வாகக் கட்டினேன். ஆட்டம் நின்றுவிட்டது. பைக்கின் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. எடை இருந்த இடம் மட்டும்தான் மாறியது.

நீண்ட பயணத்துக்கு சேடில் பேக் வாங்கும்போது நாம் பார்ப்பது லிட்டர், நிறம், விலை. பார்க்க வேண்டியது எவ்வளவு எடை, எந்த இடத்தில் என்பதை.

சேடில் பேக், டெயில் பேக், டேங்க் பேக்: எது எதற்கு?

குதிரைச் சேணத்தின் இரு பக்கமும் தொங்கிய பையிலிருந்து வந்த பெயர்தான் சேடில் பேக். பைக்கில் இது பின் சீட்டுக்குக் குறுக்கே போட்டு, இரு பக்கமும் தொங்கும். எடை கீழே இருப்பதால் பைக்கின் சமநிலை அதிகம் கெடாது. நீண்ட பயணத்தில் கனமான பொருட்களுக்கு ஏற்ற இடம் இதுதான்.

டெயில் பேக் பின் சீட்டின் மேலோ கேரியரின் மேலோ உட்காரும். உயரத்திலும் பின்னாலும் இருப்பதால் இங்கே எடை கூடக் கூட முன் சக்கரத்தின் பிடி குறையும். ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக் போன்ற லேசான பொருட்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

டேங்க் பேக், அடிக்கடி எடுக்க வேண்டியவற்றுக்கு. ஆவணங்கள், மருந்து, பவர் பேங்க், கேமரா. ஹேண்டில்பாரை முழுதாகத் திருப்பும்போது அது ஹாரன் ஸ்விட்சில் இடிக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

முதலில் எடைக் கணக்கு

எல்லா பைக்குக்கும் நிறுவனம் இரண்டு எண்களைத் தருகிறது. ஒன்று கெர்ப் எடை, அதாவது ஆயில், பெட்ரோல் எல்லாம் சேர்ந்த பைக்கின் எடை. இன்னொன்று, பைக்கும் ஆட்களும் சாமானும் சேர்ந்து தாண்டக் கூடாத மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு, கெர்ப் எடை 195 கிலோ, மொத்த எடை வரம்பு 365 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 170 கிலோ.

ஓட்டுபவர் 78 கிலோ. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் சேர்த்து 9 கிலோ. பின்னால் உட்காருபவர் 62 கிலோ, அவருடைய கியர் 8 கிலோ. ஆக 157 கிலோ. மீதி 13 கிலோ.

காலியான ஒரு ஜோடி சாஃப்ட் சேடில் பேக்கும் அதைத் தாங்கும் சேடில் ஸ்டேயும் சேர்ந்து சுமார் 8 கிலோ என்று வையுங்கள். மீதி 5 கிலோ. பெட்ரோல் ஒரு லிட்டர் ஏறக்குறைய 0.74 கிலோ, 5 லிட்டர் கேன் ஒன்று கட்டினால் 3.7 கிலோ போய்விடும். இரண்டு பேரின் பத்து நாள் துணிக்கு மிஞ்சுவது 1.3 கிலோ!

பைக்கில் இருவர் போவதும், பெரிய பெரிய பைகளைக் கட்டுவதும் ஒன்றாக நடக்காது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. தனியாகப் போனால் நிறைய இடம் இருக்கும். அப்போதும் பைகளோடு சேர்த்து சாமான் 25 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் மலைப்பாதையில் பைக் சொன்னபடி கேட்கும். பின் கேரியருக்குத் தனி எடை வரம்பு உண்டு. சில பைக்குகளில் அது 10 கிலோவுக்கும் குறைவு. மேனுவலில் போட்டிருப்பார்கள்.

சாஃப்ட்டா, ஹார்டா?

நைலான், பாலியஸ்டர், பிவிசி தார்ப்பாலின் துணிகளில் வருபவை சாஃப்ட் பைகள். பெங்களூருவின் வியாடெரா, மும்பையின் ரைனாக்ஸ் போன்ற இந்திய நிறுவனங்களே இவற்றைத் தயாரிக்கின்றன. எடை குறைவு. ஒரு பைக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். கல்லும் மண்ணுமான பாதையில் பைக் சாய்ந்தால், பைக்கும் தரைக்கும் நடுவில் மாட்டும் கால் மீது மோதுவது துணிப்பைதான். அலுமினியப் பெட்டி அல்ல. இது சின்ன விஷயம் இல்லை. குறைவான வேகத்தில் கால் ஊன்றி, ஊன்றிய கால் பெட்டிக்கு அடியில் மாட்டி எலும்பு முறிவது ஹார்டு பெட்டிகளில் இருக்கும் உண்மையான ஆபத்து.

ஹார்டு பெட்டிகளுக்கும் நியாயம் உண்டு. பூட்டலாம். மழைக்குக் கவலையில்லை. லேப்டாப், கேமரா எடுத்துப் போகிறவர்கள், பெரும்பாலும் நெடுஞ்சாலையிலேயே ஓட்டுபவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அலுமினியப் பெட்டிகள் ரேக்கோடு சேர்ந்து 15 கிலோ வரை வரலாம். மேலே போட்ட கணக்கில் அதைச் சேர்த்துப் பாருங்கள். அகலத்தையும் அளந்து பாருங்கள். பெட்டியின் அகலம் ஹேண்டில்பாரைவிடக் கூடினால், முன்பக்கம் நுழைந்த சந்தில் பின்பக்கம் மாட்டும்.

எத்தனை லிட்டர் வாங்கணும்?

பெரிய பை வாங்கினால் அதை நிரப்பாமல் யாராலும் இருக்க முடியாது. அதனால் வரிசையை மாற்றுங்கள். எடுத்துப்போகும் பொருட்களை முதலில் வீட்டுத் தரையில் பரப்புங்கள். மூன்றில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். மிஞ்சியதை அளந்து பிறகு பை வாங்குங்கள். ஒருவர் பத்து நாள் பயணத்துக்கு, டெண்ட் இல்லாமல், எல்லாப் பைகளும் சேர்த்து 50 - 60 லிட்டர் தாராளம். நாளுக்கு ஒரு டீஷர்ட் வேண்டாம், மூன்று போதும். துவைத்துக் காயப்போடலாம்.

எப்படி அடுக்குவது?

மூன்று வார்த்தைதான்: கீழே, முன்னால், சமமாக.

டூல் கிட், ட்யூப், செயின் லூப், பூட்டு போன்ற கனமானவை சேடில் பேக்கின் அடியில், ஓட்டுபவரை ஒட்டிய பக்கம் இருக்க வேண்டும். துணி மேலே. இடது, வலது பைகளைத் தனித்தனியாக எடை போடுங்கள். வித்தியாசம் 1 கிலோவுக்குள் இருக்கட்டும். வீட்டில் இருக்கும் எடை மெஷினே போதும்.

சுமை ஏற்றிய பிறகு பைக்கிலும் மூன்று மாற்றம் தேவை. பின் டயரில், மேனுவல் பின்சீட்டுப் பயணிக்குச் சொல்லும் அளவுக்குக் காற்று. பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோடைக் கூட்டுவது. செயினின் தளர்வைச் சுமையோடு சரிபார்ப்பது. பின்பக்கம் அழுந்துவதால் ஹெட்லைட் மேலே பார்க்கும், அதையும் இறக்கி வையுங்கள். இல்லாவிட்டால் எதிரே வரும் லாரி டிரைவருக்குக் கண் கூசும்.

ஓடும்போது ஹேண்டில்பார் ஆடினால் பதறி பிரேக் பிடிக்காதீர்கள். ஹேண்டிலோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். உடலை முன்னால் சாய்த்து, ஆக்சிலேட்டரை மெதுவாகக் குறையுங்கள். ஓரமாக நிறுத்தி, பின்னால் உள்ள எடையைக் குறைத்து முன்னால் கொண்டுவாருங்கள்.

சைலன்சர், சக்கரம், தண்ணீர்

பயணத்தைப் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

சைலன்சர்: கிளாசிக் 350 போன்ற பைக்குகளில் சைலன்சர் வலப்பக்கம் மட்டும். இன்டர்செப்டர் 650-ல் இரு பக்கமும். பை அதைத் தொட்டால் உருகும், தீப்பிடிக்கவும் செய்யும். நிற்கும் பைக்கில் இடைவெளி இருப்பது போதாது. ஆள் உட்கார்ந்து, பள்ளத்தில் இறங்கும்போது சஸ்பென்ஷன் அழுந்தும். அதனால் முழுச் சுமையோடு ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். குறைந்தது நாலு விரல் இடைவெளி வேண்டும். சேடில் ஸ்டே என்ற இரும்புச் சட்டம் இருப்பது, பையைச் சைலன்சரிடமிருந்தும் சக்கரத்திடமிருந்தும் விலக்கி வைக்கத்தான். அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

சக்கரம்: தொங்கும் ஸ்ட்ராப் நுனி செயினிலோ ஸ்போக்கிலோ சிக்கினால் பின் சக்கரம் ஓடும்போதே லாக் ஆகலாம். எல்லா நுனிகளையும் சுருட்டி டேப் ஒட்டுங்கள். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றை மட்டும் நம்பாதீர்கள். அது இழுபடும், கொக்கி தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. பக்கிள் வைத்த, இழுபடாத ஸ்ட்ராப் நல்லது. கிளம்பி 20 கிலோமீட்டர் ஆனதும் ஒருமுறை நிறுத்தி எல்லாவற்றையும் இறுக்குங்கள். முதல் குலுக்கலில்தான் பை தளரும்.

தண்ணீர்: ரெயின் கவர் மேலிருந்து வரும் மழையைத் தடுக்கும். மணாலி - லே பாதையில் பனி உருகி சாலையைக் கடக்கும் ஓடைகளில் தண்ணீர் கீழிருந்து வரும். பிற்பகலில் அந்த ஓடைகளில் நீர் ஏறும் என்பதால் காலையிலேயே கடப்பது நல்லது. பைக்குள் வாட்டர்ப்ரூஃப் லைனர் ஒன்று இருந்தால் இரண்டு லாபம்: துணி நனையாது, இரவு தங்கும் இடத்துக்கு லைனரை மட்டும் உருவி எடுத்துப் போகலாம். 4,000 மீட்டருக்கு மேல் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் முழுப் பையையும் கழற்றி மாடி ஏற்றிப் பாருங்கள், இதன் அருமை புரியும்.

இன்னொன்று. 5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. மூடிய ஷாம்பு பாட்டில் உப்பிக் கசியும். தனியாக ஜிப் கவரில் போடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்பர் பிளேட், டெயில் லைட், இண்டிகேட்டர் எதையும் பை மறைக்கக் கூடாது. பின்சீட்டுப் பயணியின் பாதுகாப்புக்காக, பின் சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 123. சேடில் ஸ்டே மாட்டுவதற்காகச் சேலை கார்டைக் கழற்றும்போது இதை நினைவில் வையுங்கள். 2020-ல் வந்த திருத்தம், பின்னால் பொருத்தும் பெட்டிக்கு 550 மி.மீ நீளம், 510 மி.மீ அகலம், 500 மி.மீ உயரம் என்று வரம்பு வைத்தது. பெட்டி பின்சீட்டின் இடத்திலேயே இருந்தால் ஓட்டுபவர் மட்டும்தான் போகலாம்.

ரயிலில் அனுப்பினால், வாடகைக்கு எடுத்தால்?

சென்னை, பெங்களூருவிலிருந்து பைக்கை ரயில் பார்சலில் அனுப்புபவர்கள் பெட்ரோல் டேங்கைக் காலி செய்துதான் ஒப்படைக்க வேண்டும். பைகளைக் கழற்றி உங்களோடு எடுத்துச் செல்லுங்கள்.

வாடகை பைக் என்றால் கணக்கு வேறு. வெளியூரில் வாடகைக்கு எடுத்த பைக்குகளை லடாக்கின் சுற்றுலா இடங்களுக்கு ஓட்டுவதை உள்ளூர் வாடகை பைக் சங்கங்கள் நீண்ட காலமாக எதிர்த்து வருகின்றன. மணாலியில் எடுத்த பைக்கை லேயில் நிறுத்திவிட்டு, நுப்ரா, பாங்காங் போக வேறு பைக் எடுக்க நேரலாம். ஒரே மாடலுக்கென்று செய்த பெட்டி அப்போது உதவாது. சீட்டுக்குக் குறுக்கே போட்டுக் கட்டும் சாஃப்ட் பை எந்த பைக்கிலும் உட்காரும்.

கிளம்பும் முன்

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, முழுச் சுமையையும் கட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை 150 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். வேகத்தடை, மண் சாலை, நெடுஞ்சாலை மூன்றும் வரட்டும். திரும்பி வந்ததும் பையின் உள்பக்கம், சைலன்சர் பக்கம், ஸ்ட்ராப் உரசும் இடம் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். தேய்மானமோ சூடோ தெரிந்தால், ஊரிலேயே ஒரு மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்துவிடலாம். தாந்தியைத் தாண்டிய பிறகு அந்த வசதி கிடைக்காது.