சல்லடையில் சலிக்க முடியாத எண்

போடிநாயக்கனூர் கிட்டங்கிகளில் ஏலக்காயின் தரத்தைச் சொல்லச் சல்லடை போதுமானதாக இருந்தது. எட்டு மில்லி கண்ணில் விழாமல் மேலே நின்றது பெருங்காய். விழுந்தது அடுத்த சல்லடைக்குப் போனது. வெடித்ததையும் நிறம் வெளுத்ததையும் பெண்களின் விரல்கள் பொறுக்கி ஒதுக்கின. காய்க்குச் சரி, ஆளின் திறமையை எதில் சலிப்பது? 1950-களில் அமெரிக்கச் சதுரங்க உலகம் இந்தக் கேள்வியில்தான் சிக்கித் தவித்தது.

அங்கே கென்னத் ஹார்க்னஸ் வகுத்த புள்ளி முறை நடப்பில் இருந்தது. ஒரு போட்டியில் சந்தித்த எதிராளிகளின் சராசரியை அடிப்படையாக வைத்த கணக்கு அது. அதில் ஒரு விபரீதம் ஒளிந்திருந்தது. 540 புள்ளிக்காரர் ஒருவர், சராசரி 1850 உள்ளவர்களிடம் எல்லா ஆட்டத்திலும் தோற்றாலும் 1350-க்கு ஏறிவிட முடிந்தது! தோற்றவரை ஏணியில் ஏற்றிய இந்தக் கணக்கைத் திருத்தும் பொறுப்பு, ஹங்கேரியில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா வந்த ஓர் இயற்பியல் பேராசிரியரின் கைக்கு வந்தது.

அவர் அர்பாட் ஈலோ. விஸ்கான்சின் மாநிலச் சதுரங்கப் பட்டத்தை எட்டு முறை வென்றவர். ஆட்டம் தொடங்கும் முன்பே, யார் வெல்ல எவ்வளவு வாய்ப்பு என்று அவர் கணக்கிட்டார். 200 புள்ளி கூடுதலாக இருந்தவர் நான்குக்கு மூன்று வெல்ல வேண்டும். அப்படியே வென்றால் சொற்பப் புள்ளிகளே கைமாறின. எளியவர் வலியவரைச் சாய்த்தால் அள்ளிக்கொண்டு போனார். 1960-ல் அமெரிக்கக் கூட்டமைப்பும் 1970-ல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயும் இதை ஏற்றன. 1988-ல் சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, உலகம் அவரை எடைபோட்டதும் இந்தத் தராசில்தான். ஆனால் சதுரங்கத்தில் ஒருவருக்கு எதிரே ஒருவர். எட்டுப் பேர் கூட்டாக இறங்கினால்?

2005-ல் வெளிவந்த ‘கில்ட் வார்ஸ்’ கணினி விளையாட்டில் அதுவே நடந்தது. கில்டு எனப்படும் ஆட்டக்காரர் குழுக்கள், தலா எட்டுப் பேரை இறக்கி மோதின. ஈலோவின் கணக்கு கில்டுகளை வரிசைப்படுத்தியது. உச்சியில் நின்ற கில்டுக்கோ எளிய எதிரியை வென்றால் அற்பப் புள்ளி, தோற்றால் பெருநஷ்டம். ஆடாமல் இருப்பதே இடத்தைக் காக்கும் வழி என்ற நிலை! அதே ஆண்டில் மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகம், அணியாக ஆடினாலும் ஆளுக்கு ஆள் திறமையைக் கணிக்கும் ‘ட்ரூஸ்கில்’ முறையை எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுச் சாதனத்துக்குத் தந்தது. ஒருவரின் திறமை எவ்வளவு என்று ஓர் எண். அந்தக் கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்று இன்னோர் எண். இருந்தும் எல்லா விளையாட்டுகளும் உடனே விழித்துக்கொள்ளவில்லை.

2007-ல் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ அரங்கப் போட்டிகளைத் தொடங்கியது. எண் அணியின் பெயரில் இருந்தது. ஆகவே அணியே விலைபோனது. இரவு பகலாக ஆடி ஏற்றிய இடத்தில், காசு கொடுத்தவர் வந்து உட்கார்ந்தார். அதன்பின் தனிநபர் எண் வந்தது. தொடர்ந்து, எதிராளியைத் தேர்ந்தெடுக்க மட்டுமே பயன்படும் ஓர் எண் திரைக்குப் பின்னால் அமர்ந்தது.

பல ஆண்டுகள் கழித்து, போடிமெட்டுச் சரிவில் காய் பறித்து இறங்கிய இளைஞர்கள் சிக்னல் கிடைத்த பாறையில் கைப்பேசியோடு கூடினார்கள். கில்டு சேர்ந்தது. எதிராளியைத் தேடித் திரை சில நொடி சுழன்றது. அந்தச் சில நொடிகளில் வேலை செய்தது ஈலோவின் வாரிசுக் கணக்கு. அன்று அவர்கள் தோற்றார்கள். எண் சற்றே இறங்கியது. சிறுத்த காயைச் சல்லடை கீழே தள்ளிவிட்டது. இந்த எண்ணோ, தோற்றவர்களுக்கு அவர்களோடு சரிசமமாக நின்று மோத இன்னோர் அணியைத் தேடிக் கொண்டுவந்தது.