பழைய வீடுகளின் ஆற்றல்சேமிப்புச் சீரமைப்பு: கீழ்க்கட்டளை வட்டாரம்

பழைய வீடுகளின் ஆற்றல்சேமிப்புச் சீரமைப்பு என்பது, முன்பே கட்டப்பட்ட குடியிருப்பின் கூரை, சுவர், சன்னல், மின்கருவிகள் ஆகியவற்றைத் திருத்தி, வீட்டைக் குளிர்விக்கச் செலவாகும் மின்சாரத்தைக் குறைக்கும் பணியாகும். பல்லாவரம் நகராட்சியில் இருந்து, 2021இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்த கீழ்க்கட்டளை போன்ற புறநகர்களில், குடும்பம் பெருகும்போது தரைத்தள வீட்டின்மேல் மாடி எடுப்பது வழக்கமாதலால், சீரமைப்பும் விரிவாக்கமும் பல வேளைகளில் ஒன்றாகவே நடைபெறுகின்றன.

சென்னை 13 பாகை வட அகலாங்கில் அமைந்திருப்பதால், ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் சற்றே வடக்கே சாய்ந்து நிற்கிறது. எனவே தனிவீட்டுக்குள் இறங்கும் வெப்பத்தில் மொட்டைமாடியின் பங்கே முதன்மையானது. கிழக்கு, மேற்குச் சுவர்கள் அதற்கு அடுத்தவை. கான்கிரீட் தளம் பகலில் ஏற்ற வெப்பத்தை மாலைக்குப் பின்னும் உள்ளே விட்டுக்கொண்டிருப்பதால், கத்திரி வெயில் நாட்களில் இரவிலும் மின்விசிறி கூரையடியில் தங்கிய சூட்டையே கீழே தள்ளுகிறது.

ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே ஒரு பாகை வெப்ப வேறுபாட்டுக்குக் கடந்து செல்லும் வெப்பத்தின் அளவு யு-மதிப்பு எனப்படும். வெறும் கான்கிரீட் தளத்துக்கு 3 வாட்டுக்கு மேல் உள்ள இம்மதிப்பு, 50 மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் பலகை பதித்தால் 1 வாட்டுக்கும் கீழே இறங்குகிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டு ஓடு பதித்த பழைய தளத்தில், முதலில் விரிசலையும் நீர்க்கசிவையும் அடைத்த பின்னரே பலகையைப் பரப்பி, வாட்டம் கொடுத்துப் பூசி, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை ஓட்டைப் பதிக்க வேண்டும். தூசியும் பாசியும் படிந்தால் அவ்வோட்டின் பயன் குறையும்.

மாடி எழுப்பினால் கீழ்த்தளம் நேர்வெயிலில் இருந்து தப்பினாலும், அதே வெப்பம் புதிய தளத்தின் கூரைக்கு மாறுவதால், வெப்பக்காப்பை அங்கேயே அமைப்பது முறையாகும். தூண்கள் இன்றிச் சுவரே சுமை தாங்கும் வீடுகளில் அடித்தளத்தை ஆராய்ந்த பின், எடை குறைந்த காற்றூட்டிய கான்கிரீட் கற்களைப் பயன்படுத்தலாம். கிழக்கிலும் தென்கிழக்கிலும் திறக்கும் சன்னல்கள் பிற்பகல் கடற்காற்றை உள்ளே விடுகின்றன. மேற்குச் சன்னல்களுக்குத் தாழ்ந்த வெயிலை மறைக்கும் வெளித்தடுப்பு தேவை.

மத்திய அரசின் ஆற்றல் திறன் செயலகம் 2018இல் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்பு நெறித்தொகுப்பு, கூரையின் யு-மதிப்பு 1.2 வாட்டைத் தாண்டலாகாது என வரையறுக்கிறது. அது 500 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளில் எழும் கட்டடங்களையே கருதுவதால், ஒரு கிரவுண்டு மனையில் மாடி எடுப்போர்க்கு அவ்வரம்பு கட்டாயமாகாமல், வழிகாட்டும் அளவுகோலாகவே பயன்படுகிறது.