உப்பிட்டவரை நினைப்போம்

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது ஆன்றோர் வாக்கு. அம்மன் ஆலயங்களில் உப்பும் மிளகும் காணிக்கையிட்டு நோய் நீங்க வேண்டும் மரபினர் நாம். அத்தகைய உப்பிற்கும் வரி விதித்தது ஆங்கிலேய அரசு. 1882ஆம் ஆண்டு உப்புச் சட்டத்தின்படி, கடலோரத்தில் தானே விளைந்த உப்பை ஏழையொருவன் அள்ளுவதும் குற்றமாயிற்று.

இக்கொடுமையை எதிர்த்து, 1930 மார்ச் 12ஆம் நாள் காந்தியடிகள் சபர்மதியிலிருந்து தண்டிக் கடற்கரைக்கு நடைப்பயணம் தொடங்கினார். தமிழகத்தில் அவ்வறப்போருக்குத் தலைமை ஏற்றவர் இராஜாஜி. ஏப்ரல் 13ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டன்று, ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியில் டாக்டர் டி.எஸ்.எஸ். இராஜன் இல்லத்திலிருந்து வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்டனர். தொலைவு சுமார் 150 மைல்.

வேதாரண்யமே திருமறைக்காடு. அடைத்திருந்த திருக்கதவம் அப்பர் பெருமானின் பதிகத்திற்குத் திறந்த திருத்தலம் அது. படைவலியின்றி உறுதியால் வெல்லப் புறப்பட்டோர்க்கு அதனினும் பொருத்தமான இடம் வேறேது?

தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன், தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர்க்கு ஆறு மாதச் சிறையும் அபராதமும் கிடைக்கும் என எச்சரித்தார். பசித்தோர்க்குச் சோறிடுவதைப் பேரறமாகப் போற்றும் காவிரி நாட்டில் அன்னதானமே குற்றமாயிற்று! மக்கள் கலகம் செய்தாரில்லை. அறத்தைக் கைவிட்டாரும் இல்லை. சாலையோர மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டனர். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தம் இல்லத்திலேயே வெளிப்படையாக விருந்தளித்துச் சிறை ஏகினார். வேதாரண்யத்தில் தொண்டர்களை வரவேற்று உபசரித்த வேதரத்தினம் பிள்ளையும் சிறைவாசம் ஏற்றார்.

ஏப்ரல் 28இல் வேதாரண்யம் அடைந்த இராஜாஜி, 30ஆம் நாள் அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்துக் கைதானார். மறு ஆண்டு ஏற்பட்ட காந்தி – இர்வின் உடன்படிக்கை, கடலோர மக்கள் தம் தேவைக்கு உப்பெடுக்க வழி செய்தது. 1947இல் உப்பு வரியே ஒழிந்தது.

அக்கடற்கரைக்கு அண்மையிலுள்ள நாகப்பட்டினத் துறையில் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்த முன்னோர் பலர். சிராங்கூன் சாலைக்கு அருகே, ரேஸ் கோர்ஸ் லேனில், காந்தி நினைவு மண்டபம் உள்ளது. அதற்கு 1950இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். தலைவர்களின் பெயர்கள் இவ்வாறு கல்லில் நிலைபெற்றன. மரக்கிளையில் சோற்றுப் பொட்டலம் கட்டிய கைகளுக்கோ பெயரில்லை.

திருவிழா நாளில் நம் ஆலயத்தில் அன்னம் பரிமாறப்படும்போது, சிறைக்கு அஞ்சாது உப்பிட்ட அப்பெருமக்களையும் ஒரு கணம் நினைந்து வணங்குவோமாக.