இரண்டு வாசல்

அமெரிக்கச் சிற்றூர்களில் ரிட்டையரான ரயில்வேக்காரர்களும் ரயில் பித்தர்களும் சங்கம் வைத்துப் பழைய டிப்போக்களைப் புதுப்பிக்கிறார்கள். (டிப்போ என்றால் நம்ம பஸ் டிப்போ இல்லை, சின்ன ஸ்டேஷன்.) சுவரைச் சுரண்டி, அடியில் கிடக்கும் முதல் பெயின்ட்டைக் கண்டுபிடித்து அதே நிறத்தைப் பூசுகிறார்கள். சம்பளமில்லா உழைப்பு, கேலி செய்ய எனக்கு மனசில்லை. ஆனால் கட்டிடத்தை எந்த வருஷத்துக்குத் திருப்புவது?

தென் மாநிலங்களில் டிப்போவின் அமைப்பிலேயே நிறவெறி இருந்தது. நடுவில் டிக்கெட் அறை, ஒரு பக்கம் வெள்ளையர் காத்திருக்க, மறுபக்கம் கறுப்பர் காத்திருக்க. ஒரே கிளார்க், ரெண்டு ஜன்னல். பிரித்துவைத்தாலும் சமம்தான் என்று 1896இல் ப்ளெஸ்ஸி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதை மரத்தாலும் ஆணியாலும் எழுதிய பிரதி அது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் பயணிகளை இப்படிப் பிரிக்கக் கூடாதென்று 1955இல்தான் மாநிலங்களுக்கிடையிலான வணிக ஆணையம் உத்தரவிட்டது. பிற்பாடு நடுச்சுவரை இடித்த டிப்போவை அப்படியே மெருகேற்றினால் கிடைப்பது அழகான, காற்றோட்டமான பொய்.

வர்ஜீனியாவில், அடிமைகளை வைத்திருந்த ஜனாதிபதி மாடிசனின் மான்ட்பீலியர் பண்ணையில், பிற்கால உரிமையாளர் வில்லியம் டூபான்ட் 1910இல் கட்டிய டிப்போ இருக்கிறது. அதைப் புதுப்பித்தது ரயில் சங்கமல்ல, பண்ணையை நிர்வகிக்கும் அறக்கட்டளை. 2010இல் திறந்தபோது 'வெள்ளையர்', 'நிறத்தவர்' பலகைகளையும் திரும்ப மாட்டியிருந்தார்கள். அவமானத்தை மறுபடி ஆணியடிக்கணுமா என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் பலகை இல்லாவிட்டால் அது வெறும் ரெண்டு ரூம். இப்போது வந்து நிற்கிறவர், எந்த வாசல் வழியாகப் போவது என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறார்.